தலையில் இருப்பதை மேஜைமேல் வை!

1899. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணம், பெத்லகேம் இரும்பாலை. பொறியாளர் ஃபிரெடெரிக் வின்ஸ்லோ டெய்லருக்கு ஒரு மனக்குறை. ஆலை முதலாளியுடையது. உலை முதலாளியுடையது. முற்றத்தில் கொட்டிக் கிடக்கிற இரும்பும் முதலாளியுடையதுதான். ஆனால் வேலையை எப்படிச் செய்வது என்கிற சூட்சுமம் மட்டும் தொழிலாளியின் மண்டைக்குள் குடியிருக்கிறது. சாயங்காலம் சங்கு ஊதினால் அவனோடு கிளம்பி வீட்டுக்குப் போய்விடுகிறது. என்ன அநியாயம் இது?

அறிவு மேலாண்மை என்ற பெயரில் ஒரு துறை பிறந்து, அதற்குப் பேராசிரியர்கள், மாநாடுகள், தோல்பை மாட்டிய ஆலோசகர்கள் எல்லாம் வந்து சேர இன்னும் தொண்ணூறு வருடம் பாக்கி. ஆனால் அதன் மூலமந்திரத்தை டெய்லர் அன்றைக்கே ஓதிவிட்டார்: உன் தலையில் இருப்பதை மேஜைமேல் வை, அப்புறம் நீ இருந்தால் என்ன, போனால் என்ன!

அவர் செய்து காட்டிய வித்தை பிரசித்தமானது. வார்ப்பிரும்புக் கட்டி ஒன்று 92 பவுண்டு, கிட்டத்தட்ட 42 கிலோ. தரையிலிருந்து தூக்கி, சாய்த்து வைத்த பலகைமேல் ஏறி, ரயில் வேகனுக்குள் போட வேண்டும். ஓர் ஆள் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தான். டெய்லரின் ஆட்கள் நிறுத்துக் கடிகாரமும் நோட்டுமாகப் பக்கத்தில் நின்று கணக்குப் போட்டு, 47 டன் ஏற்றலாம் என்றார்கள். அதற்கு அகப்பட்டவர்தான் டெய்லர் ‘ஷ்மிட்’ என்று புனைபெயர் சூட்டிய தொழிலாளி. தூக்கு என்றால் தூக்க வேண்டும், உட்கார் என்றால் உட்கார வேண்டும், எதிர்த்துப் பேசக் கூடாது. ஷ்மிட் அப்படியே செய்தார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆயிற்று. வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். இதற்குப் பெயர் விஞ்ஞானம்.

1911-ல் வந்த புத்தகத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது, இப்படிப்பட்ட வேலைக்கு மாட்டு மூளை உள்ளவன்தான் தோது என்று டெய்லர் கூசாமல் எழுதுகிறார். அதே கதையில் போகிற போக்கில் இன்னொன்றையும் உளறிவிடுகிறார். ஷ்மிட் ஒரு துண்டு நிலம் வாங்கி, வேலைக்கு வருமுன்பும் வேலை முடிந்து போன பிறகும் தன் வீட்டுக்குத் தானே சுவர் எழுப்பிக்கொண்டிருந்தாராம். வீடு கட்டத் தெரிந்த மாடு! அந்த வித்தையை டெய்லர் அறிவுக் கணக்கில் சேர்க்கவில்லை. 1974-ல் ரெக், பெரோனி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பழைய தாள்களைக் கிளறி, டெய்லரின் கதையில் மசாலா தாராளம் என்று போட்டு உடைத்தார்கள். அதற்குள் கதை பாடப்புத்தகங்களில் ஏறி அறுபது வருடம் ஆகிவிட்டிருந்தது.

1901-ல் பெத்லகேம் நிர்வாகம் டெய்லரையே வீட்டுக்கு அனுப்பியது. போகும்போது தன் மண்டையில் இருந்ததைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார் மனிதர். அதை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகும்படி அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த ஐம்பது வருடத்தைத் தாண்டிவிடலாம். கடிகாரங்கள் மேம்பட்டன, வேறு விசேஷமில்லை. 1959-ல், வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பீட்டர் டிரக்கர் ‘அறிவுத் தொழிலாளி’ என்ற புது ஜாதியை அறிமுகப்படுத்தினார். தோளால் உழைக்காமல் தலையால் உழைப்பவர். கம்பெனிகளுக்குத் தர்மசங்கடம். ஜன்னல் வழியே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசாமி யோசிக்கிறாரா, கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறாரா என்று எந்தக் கடிகாரமும் சொல்லாது. இன்றுவரை சொல்லவில்லை. அதனால்தான் உலகத்தில் இத்தனை மீட்டிங்குகள்.

அறிவு மேலாண்மையில் பின்னால் முளைத்த பல கோஷ்டிகளும் குலதெய்வமாகக் கும்பிடும் ஒருவர் உண்டு: மைக்கேல் பொலானி. மேலாண்மைக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. 1891-ல் புடாபெஸ்டில் பிறந்த வேதியியல்காரர். பெர்லினில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், 1933-ல் ஹிட்லர் வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு மான்செஸ்டருக்குப் போனார். அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்துவிட்டு, 1948-ல் சோதனைக் குடுவைகளைக் கீழே வைத்துவிட்டு அதே பல்கலைக்கழகத்தில் சமூக ஆய்வுப் பக்கம் தாவினார். (அப்பா கைவிட்ட வேதியியலை மகன் ஜான் பிடித்துக்கொண்டு 1986-ல் நோபல் பரிசே வாங்கினார்.) அப்பா 1958-லும் 1966-லும் இரண்டு புத்தகங்கள் எழுதினார். சாரம் இதுதான்: நமக்குத் தெரிந்ததெல்லாம் நம்மால் சொல்லக்கூடியதைவிட அதிகம். 

சைக்கிளை எடுத்துக்கொண்டார். கீழே விழாமல் ஓட்டுவதற்கு இயற்பியல் விதி ஒன்று இருக்கிறது. சைக்கிள் எந்தக் கோணத்தில் சாய்கிறதோ அதற்கேற்ப ஹேண்டில்பாரை வளைக்க வேண்டும். வளைவின் அளவு வேகத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்க வேண்டும். இதை மனப்பாடம் செய்துகொண்டு முதல்முறையாக சைக்கிளில் ஏறிப் பாருங்கள், முட்டி பெயரும். ஒன்பது வயதுப் பையன் இந்த விதியைக் கேள்விப்படாமலேயே இரண்டு கையையும் விட்டு ஓட்டுகிறான். 

உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து எழுதிவிட முடியாது என்பது பொலானி சொல்ல வந்தது. பின்னால் வந்தவர்கள் அதில் படித்தது வேறு: ‘ஆகா, உள்ளே இன்னும் ஏராளமாக இருக்கிறதாமே! எடு கடப்பாரையை!’

முதல் கடப்பாரை கம்ப்யூட்டர்காரர்கள் கையில் இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஃபைகன்பாம் கோஷ்டி, நிபுணர்களின் அறிவை ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்’ என்கிற விதிகளாக உடைத்து மென்பொருளில் போட்டுவிடலாம் என்று கிளம்பியது. 1970-களில் அங்கே பிறந்த மைசின், ரத்தத் தொற்றுக்கு எந்த மருந்து கொடுக்கலாம் என்று சுமார் 600 விதிகளை வைத்துச் சொன்னது. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியது. ஆஸ்பத்திரியில் அன்றாடப் புழக்கத்துக்கு மட்டும் வரவில்லை. நிபுணரின் வாயைக் கிளறி விதிகளைக் கறப்பதற்கென்றே ‘அறிவுப் பொறியாளர்’ என்று ஓர் உத்தியோகம் உண்டாயிற்று.

1980-களின் நடுவில் கேம்ப்பெல் சூப் கம்பெனியில் ஒரு பெரியவர் ஓய்வு பெறும் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். சூப் டின்களைக் கிருமி போகக் காய்ச்சும் பிரம்மாண்டமான எந்திரங்கள் அந்தக் கம்பெனியில் உண்டு. ஒன்றொன்றும் பல மாடி உயரம், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான டின்கள் உள்ளே. அது முரண்டு பிடித்தால் எந்த ஊர்த் தொழிற்சாலையாக இருந்தாலும் அந்தப் பெரியவரைத்தான் கூப்பிடுவார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் அதோடு குடித்தனம் நடத்தியவர். அவர் போய்விட்டால் சூப்பின் கதி? டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸிலிருந்து அறிவுப் பொறியாளர்கள் வந்து இறங்கினார்கள். மாதக்கணக்கில் எதிரே உட்கார்ந்து கேட்டார்கள். பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று நாமே ஊகிக்கலாம்.

“அய்யா, கோளாறு வரப்போகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரிகிறது?”

“சத்தம் மாறுமே.”

“எப்படி மாறும்?”

“கோளாறு வரப்போகிற மாதிரி.”

கடைசியில் நாற்பது வருட அனுபவம் 151 விதிகளாக டிஸ்க்கில் ஏறியது. பெரியவரை டிஸ்க்கில் பிடித்துவிட்டோம் என்று கொண்டாடினார்கள். வழக்கமான கோளாறுகளுக்கு அது உதவவும் செய்தது, மறுக்கவில்லை. இன்னொரு பக்கம், கம்ப்யூட்டர்களுக்கு வேண்டிய பாகங்களைத் தேர்ந்தெடுத்துத் தர டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி வைத்திருந்த எக்ஸ்கான் என்ற மென்பொருளில் விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. நிபுணர் தேவையில்லாமல் செய்யப் பிறந்த மென்பொருள், விதிகளைத் திருத்திக்கொண்டே இருக்க ஒரு நிபுணர் படையை வேலைக்கு வாங்கிக்கொண்டது.

1990-ல் மைக்கேல் ஹேமர் வந்தார். பழைய வேலைமுறைகளைக் கம்ப்யூட்டர்மயமாக்கி என்ன பிரயோஜனம், தகர்த்தெறியுங்கள் என்று ‘ஹார்வர்ட் பிசினஸ் ரெவ்யூ’வில் எழுதினார். 1993-ல் ஜேம்ஸ் சாம்பியோடு சேர்ந்து அதையே புத்தகமாகப் போட்டார், பிய்த்துக்கொண்டு போயிற்று. கம்பெனிகள் புத்தகத்தைப் படித்தனவோ இல்லையோ, ஆட்களைக் குறைக்கலாம் என்று மட்டும் புரிந்துகொண்டன. நடுத்தர வயது, நடுத்தரப் பதவி, நிறையச் சம்பளம், எப்போது பார்த்தாலும் யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார். இவர் என்ன வேலை செய்கிறார்? அனுப்பு வீட்டுக்கு.

அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. எந்த வாடிக்கையாளருக்கு எது பிடிக்கும், எந்த எந்திரத்தை எங்கே தட்டினால் ஓடும், முன்பு ஒருமுறை இதே திட்டத்தைப் போட்டு ஏன் மண்ணைக் கவ்வினோம் என்பதெல்லாம் அவரோடு போய்விட்டது. ஆட்குறைப்புக்கு யோசனை சொல்லிப் பில் போட்ட ஆலோசனைக் கம்பெனிகள், ‘உங்கள் நிறுவனத்தின் ஞாபகசக்தி குறைந்திருக்கிறதே’ என்று விசாரித்துக்கொண்டு திரும்பி வந்து மறுபடி பில் போட்டன. அந்தத் தகர்ப்பு அலையின் முன்னோடிகளில் ஒருவரான தாமஸ் டேவன்போர்ட், இது மனிதர்களை மறந்துவிட்ட மோகம் என்று 1995-ல் தாமே எழுதினார். மூன்று வருடம் கழித்து லாரி பிரூசாக்கோடு சேர்ந்து அறிவு மேலாண்மைக்கு ஒரு கைநூலும் எழுதினார். வாழ்க்கையில் இப்படி முன்பக்கமும் பின்பக்கமும் பந்து வீசுகிற அதிர்ஷ்டம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

இப்படித்தான் 1990-களில் கோஷ்டிகள் முளைத்தன.

ஜப்பான் கோஷ்டிக்குத் தலைவர் இகுஜிரோ நோனாகா. இவரது ரொட்டிக் கதை இந்தத் துறையின் ஸ்தலபுராணம். 1985-ல் ஒசாகாவின் மத்சுஷிதா கம்பெனி, வீட்டிலேயே ரொட்டி சுடும் எந்திரம் ஒன்றைச் செய்யப் பார்த்தது. மேலே கருகியது, உள்ளே வேகவில்லை. ரொட்டிக்காரர் பிசைந்த மாவையும் எந்திரம் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள். பிசைந்த மாவுக்கு எக்ஸ்ரே! ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் இகுகோ தனாகா என்ற மென்பொருள்காரர் ஒரு யோசனை சொன்னார். ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலில் ரொட்டிக்குப் பேர்போன தலைமைக் கைகாரர் இருக்கிறார். நான் போய் அவரிடம் வேலை பழகுகிறேன். போனார், பழகினார். ஒருநாள் கண்ணில் பட்டது: அவர் மாவை இழுக்கும்போது ஒரு முறுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். திரும்பி வந்து, எந்திரத்துக்குள் அந்த முறுக்கு விழும்படி உட்புறத்தில் வரம்புகள் வைத்தார்கள். 1987-ல் விற்பனைக்கு வந்தது, சக்கைப்போடு போட்டது.

இதிலிருந்து நோனாகா ஒரு சக்கரம் செய்தார். கூடவே இருந்து பழகுவது, பழகியதை வாயால் சொல்வது, சொன்னதைக் கோத்துக் கட்டுவது, கட்டியதைத் திரும்பப் பழக்கமாக்கிக்கொள்வது. நான்கு கட்டம், நடுவே ஒரு சுருள். 1991-ல் கட்டுரை, 1995-ல் ஹிரோதகா தகேயுச்சியோடு புத்தகம். நான்கு கட்டம் போட்ட படத்துக்கு மேலாண்மை உலகில் இருக்கிற மவுசே தனி. அறிவு மேலாண்மை பற்றிய பவர்பாயின்டில் அந்தச் சுருள் இல்லாவிட்டால் குற்றம் என்கிற நிலைமை வந்தது. பெர்க்லியில் ‘அறிவு’ என்ற பாடத்துக்கே ஒரு பேராசிரியர் நாற்காலியை ஜெராக்ஸ் பணத்தில் போட்டு, அதில் நோனாகாவை உட்காரவைத்தார்கள்.

குலதெய்வம் பொலானியின் பெயரைச் சொல்லித்தான் இந்தச் சக்கரம் சுற்றியது. சொல்ல முடியாதது என்று அவர் எழுதியதை, இரண்டாவது கட்டத்தில் ‘சொல்லிவிடுக’ என்று போட்டிருந்தார்கள்.

சந்தேகப் பேர்வழிகள் எங்கேயும் உண்டு. ஹேரி காலின்ஸ் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 1974-லேயே ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்திருந்தார். ஒருவகை லேசர் கருவியைச் செய்யும் முறை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அச்சாகியிருந்தது. அதைப் படித்து மட்டும் யாராலும் கருவியை ஓடவைக்க முடியவில்லை. ஏற்கெனவே ஓடவைத்தவரோடு பழகியவர்களுக்குத்தான் ஓடியது. 2007-ல் அவரும் ரொத்ரிகோ ரிபேரோவும் நோனாகாவின் ரொட்டி எந்திரத்தை மறுபடி மேஜைக்கு இழுத்தார்கள். அவர்கள் சொன்ன தீர்ப்பு: ஹோட்டல்காரரின் கைப்பக்குவம் எந்திரத்துக்குள் போகவே இல்லை. பிசைகிற அசைவில் ஒரு துண்டை அது போலச் செய்கிறது. மாவை அளந்து போடுவதிலிருந்து மீதி எல்லாவற்றையும் வீட்டில் இருப்பவர் சமாளித்துக்கொள்கிறார். ஸ்தலபுராணத்தில் கைவைத்தால் பக்தர்கள் சும்மா இருப்பார்களா? இருந்தார்கள். பலரும் அந்தக் கட்டுரையைப் படிக்கவே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

சுவீடன் கோஷ்டியின் ஆசை வேறு. அறிவை எடுக்கிறோமோ இல்லையோ, எண்ணிவிடுவோம். ஸ்காண்டியா என்ற காப்பீட்டுக் கம்பெனி 1991-ல் லீஃப் எட்வின்சனை ‘அறிவு மூலதன இயக்குநர்’ ஆக்கியது. உலகத்திலேயே அப்படி ஒரு பதவி அதுதான் முதல் என்பார்கள். 1994-க்கான ஆண்டறிக்கையோடு அறிவு மூலதனத்துக்கென்று தனி இணைப்பும் வந்தது. கட்டடம், நாற்காலி, ரொக்கம் எல்லாம் பழைய ஐந்தொகையில். ஊழியரின் மூளை, வாடிக்கையாளரின் விசுவாசம் எல்லாம் புதிய பட்டியலில். உலகமெங்கிலுமிருந்து ஆட்கள் ஸ்டாக்ஹோமுக்கு யாத்திரை போனார்கள். 2003-ல் அந்தக் கம்பெனி வேறொரு கணக்கில் பிடிபட்டது: மேலதிகாரிகளின் போனஸும், கம்பெனிச் செலவில் புதுப்பித்த அடுக்குமாடி வீடுகளும் பத்திரிகைகளில் நாறின. கண்ணுக்குத் தெரியாத சொத்தையெல்லாம் எண்ணியவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற குளியலறை தப்பிவிட்டது.

எனக்குப் பிடித்த கோஷ்டிக்கு வருகிறேன். நம் ஊரில் நகலுக்கே தன் பெயரைத் தானம் செய்த ஜெராக்ஸ் கம்பெனி, ரிப்பேர் ஆட்களின் வேலையைக் கவனிக்க ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளரை அனுப்பியது. மானுடவியலாளர்கள் வழக்கமாகக் காட்டுக்கும் தீவுக்கும் போவார்கள். இவர் டெக்னீஷியன்களின் பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்தார், அவர்களோடு காரில் போனார், அவர்களோடு சாப்பிட்டார். கம்பெனி அவர்களுக்குப் பிரமாதமான கையேடு கொடுத்திருந்தது. எந்திரம் இந்த எண்ணைக் காட்டினால் இந்தப் பாகத்தை மாற்று என்று வரிசையாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், எந்திரம் கையேட்டைப் படிக்கவில்லை. ஒரு கோளாறுக்கு இன்னொரு கோளாறின் எண்ணைக் காட்டும்.

அப்படி ஒரு எந்திரத்தின் முன்னால் ஒரு டெக்னீஷியனும் அவருக்கு உதவ வந்த நிபுணரும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்ததை ஆர் பதிவு செய்கிறார். இருவரும் என்ன செய்தார்கள்? கதை பேசினார்கள். ‘அந்த ஆபீசில் ஒரு மெஷின் இப்படித்தான் படுத்தியது’, ‘அது வேறே, அதில் இன்னொரு பாகம் செத்திருந்தது’. கதைமேல் கதை வந்து, ஒரு கட்டத்தில் எல்லாக் கதையும் ஒரே இடத்தை விரல் நீட்டிக் காட்டியது. அங்கே இருந்தது கோளாறு. காலையில் சரக்கு அறைப் பக்கம் காபி குடித்துக்கொண்டே அரட்டை அடிப்பதை வீண்பொழுது என்று எந்த நிர்வாக நிபுணரும் வெட்டியிருப்பார். அந்த அரட்டைதான் அவர்களுடைய கையேடு. ஆரின் புத்தகம் 1996-ல் வந்தது. அதற்கு முன்பே ஜான் சீலி பிரவுனும் பால் டுகுயிடும் 1991-ல் அவருடைய ஆய்வை வைத்துக் கட்டுரை எழுதி உலகத்துக்குச் சொல்லிவிட்டார்கள்.

அதே 1991-ல் ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். யுகத்தான் மருத்துவச்சிகள், லைபீரியத் தையற்காரர்கள், அமெரிக்கக் கடற்படை மாலுமிகள், கசாப்புக்காரர்கள், குடியை விட்டவர்கள். இவர்கள் எல்லாம் எப்படிக் கற்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் யாரும் பாடம் நடத்துவதில்லை. ஓரமாக நின்று எடுபிடி வேலை செய்து, மெல்ல மெல்ல உள்ளே வருகிறார்கள். யாரும் திட்டம் போடாமல் தானாகக் கூடும் கூட்டம் அது. நிர்வாகங்கள் இதைப் படித்துப் புல்லரித்தன. உடனே சர்க்குலர் விட்டன: தானாகக் கூடும் கூட்டம் வரும் செவ்வாய் மூன்று மணிக்கு, வருகைப்பதிவு உண்டு. 2002-ல் வெங்கரே இரண்டு பேரோடு சேர்ந்து, இப்படிப்பட்ட கூட்டங்களை எப்படி வளர்த்தெடுப்பது என்று நிர்வாகிகளுக்குப் புத்தகம் எழுதினார். பிழைக்க வேண்டாமா?

உலக வங்கியில் ஸ்டீவ் டென்னிங் என்ற ஆஸ்திரேலியர் 1996-ல் கட்டமும் சுருளும் காட்டிப் பார்த்து அலுத்துப்போய், ஒரு குட்டிக் கதையைக் கையில் எடுத்தார். ஜாம்பியாவின் சின்ன ஊர் ஒன்றில் ஒரு சுகாதார ஊழியர், மலேரியாவுக்கு என்ன செய்வது என்று அட்லாண்டாவில் இருக்கும் நோய்த்தடுப்பு மையத்தின் இணையதளத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். கதை அவ்வளவுதான். கதையில் உலக வங்கியே இல்லை, இத்தனைக்கும் வறுமை ஒழிப்பு அதன் தொழில். அந்த வெட்கத்தில்தான் வங்கி அசைந்தது. அதே ஆண்டு தலைவர் வுல்ஃபென்சன் இனி நாம் ‘அறிவு வங்கி’ என்று மேடையில் அறிவித்தார்.

கோஷ்டி இத்தனை ஆனபிறகு யாராவது ரேஷன் அட்டை போட வேண்டும். லண்டன் பிசினஸ் ஸ்கூலின் மைக்கேல் ஏர்ல் 2001-ல் போட்டார். மொத்தம் ஏழு சிந்தனைப் பள்ளிகள், மூன்று வீடுகள். தொழில்நுட்ப வீட்டில் மூன்று: எல்லாவற்றையும் டேட்டாபேஸில் போடு என்பது ஒன்று, யாருக்கு என்ன தெரியும் என்று விலாசப் புத்தகம் போடு என்பது இரண்டு, வேலை நடக்கிற இடத்திலேயே தகவலைக் கொண்டுபோய்க் கொடு என்பது மூன்று. பணக்கார வீட்டில் ஒற்றைப் பிள்ளை: காப்புரிமையை விற்றுக் காசாக்கு, டவ் கெமிக்கல் இதற்கு உதாரண புருஷர். நடத்தை வீட்டில் மறுபடி மூன்று: ஆட்களைக் கூட்டமாகச் சேர், சந்திக்க இடம் கட்டு, கம்பெனியே அறிவால்தான் ஓடுகிறது என்று தலைமையிடமிருந்து முழங்கு.

இதில் இடம் கட்டும் பள்ளி கவனிக்கத் தக்கது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1998-ல் ஹீத்ரோ பக்கத்தில் திறந்த தலைமையகத்தின் நடுவே ஒரு தெருவே போகிறது. மரம், கடை, காபி எல்லாம் உண்டு. ஆட்கள் நடக்கும்போது தற்செயலாக ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, நின்று பேசி, அறிவு பரவ வேண்டும் என்பது ஏற்பாடு. ஜெராக்ஸ்காரர்கள் ஒரு கெட்டில் காபியில் சாதித்ததற்கு இங்கே கட்டடக் கலைஞர் தேவைப்பட்டார். 

இந்த ஏழிலும் காசு கொடுத்தால் அறிவு கொட்டுமா என்ற கேள்வி மட்டும் தீரவில்லை. இரண்டு சோதனைகள் நடந்தன. ஜெராக்ஸ், டெக்னீஷியன்களின் அரட்டையில் வரும் சூட்சுமங்களைச் சேர்த்துவைக்க ‘யுரேகா’ என்ற ஏற்பாட்டைப் பிரான்சில் தொடங்கிப் பிற நாடுகளுக்கும் கொண்டுபோனது. ஒருவர் எழுதியனுப்பும் யோசனையைச் சக டெக்னீஷியன்களே சோதித்துப் பார்த்துச் சேர்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் காசு தரலாமா என்று நிர்வாகம் யோசித்தது. வேண்டாம் என்றார்கள் டெக்னீஷியன்கள். எழுதியவன் பெயரைக் கூடவே போடுங்கள், போதும். பெயர் போட்டார்கள், யோசனைகள் ஆயிரக்கணக்கில் வந்தன.

பெங்களூரு இன்ஃபோசிஸில் அதே காலகட்டத்தில் எதிர்த்திசை. அறிவுக் களஞ்சியத்தில் ஏதாவது எழுதிப் போட்டால் ‘அறிவு நாணயம்’ கிடைக்கும், அதைப் பரிசாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நம்மவர்களிடம் பாயின்ட் என்று சொன்னால் சும்மா இருப்பார்களா? களஞ்சியம் நிரம்பி வழிந்தது. தரம் பார்க்க வேண்டியவர்கள் திணறினார்கள். தேடுகிறவருக்குத் தேவையானது குப்பைக்கு அடியில் போயிற்று. ரகு கருட், அருண் குமாரசுவாமி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். அந்தக் கம்பெனி நிலைமையை உணர்ந்து, படித்துப் பயன்பெற்றவர்களின் மதிப்பீட்டுக்கும் பாராட்டுக்கும் எடை கூட்டித் திட்டத்தைத் திருத்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2002-ல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் டி. டி. வில்சனுக்குப் பொறுமை போயிற்று. ஆய்விதழ்க் கட்டுரைகள், ஆலோசனைக் கம்பெனிகளின் விளம்பரங்கள், பிசினஸ் பள்ளிகளின் பாடத்திட்டங்கள் என்று ஒன்றுவிடாமல் அலசினார். அறிவு மேலாண்மை என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி, பழைய தகவல் மேலாண்மைக்குப் புது போர்டு மாட்டியதுதான் என்றார். கட்டுரைத் தலைப்பிலேயே பேத்தல் என்று போட்டார். துறைக்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. தங்கள் கட்டுரைகளில் அவரை மேற்கோள் காட்டிவிட்டு, அடுத்த பத்தியில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். 1997-ல் தொடங்கிய ‘ஜர்னல் ஆஃப் நாலெட்ஜ் மேனேஜ்மென்ட்’ இன்னும் வந்துகொண்டிருக்கிறது. நோனாகா 2025 ஜனவரியில் தமது 89-வது வயதில் காலமானார். சுருள் பவர்பாயின்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது எட்டாவது கோஷ்டி வந்திருக்கிறது. கம்பெனியின் பழைய காகிதம், மின்னஞ்சல் எல்லாவற்றையும் சாட்பாட்டுக்கு ஊட்டிவிட்டால் அது எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும் என்கிறார்கள். ஊட்டப் போதவில்லை என்றால், ‘உங்கள் வேலையைப் படிப்படியாக எழுதித் தரவும்’ என்று ஒரு படிவம் சுற்றுக்கு வரும். உங்கள் மேஜைக்கும் வரும். எழுதிக் கொடுங்கள், தப்பில்லை. எவ்வளவு எழுதினாலும் பாதிதான் போகும். ஜெராக்ஸ் டெக்னீஷியன்கள் கேட்டதை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிவிடுங்கள்: கடைசி வரிக்குக் கீழே உங்கள் பெயர் இருக்க வேண்டும்.